கேற்றடிச் சுரங்கம்

கட்டின புருஷன் தன் கடைக்குத் தானே குழி வெட்டுவதைக் குசினித் தட்டிக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் இராசமலர். அடுப்பில் வடை கருகியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

பரந்தனுக்குக் கிட்ட, ரயில் பாதை தெருவைக் குறுக்கறுக்கும் இடத்தில் இருந்தது அவள் புருஷன் சிற்றம்பலத்தின் தேத்தண்ணிக் கடை. தெருவை மறிக்கிற ரயில் கேற் பூட்டினால்தான் அந்தக் கடைக்கு விடியும். ரயில் வந்து போகும்வரை உப்பு லொறிகளும் நெல் வண்டிகளும் யாழ்ப்பாண பஸ்சும் வரிசை கட்டி நிற்க, இறங்கிக் கால் ஆறுகிறவர்கள் எல்லாரும் இவர்களுடைய மரப்பலகை வாங்கில் வந்துதான் குந்துவார்கள். வேலணையில் இருந்து ஒரு கேத்திலோடு வந்திறங்கிய குடும்பம் அது. பூட்டின கேற்றாலேதான் தலை நிமிர்ந்தது.

அதற்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. கேற்றடி நெரிசல் கொழும்பு வரைக்கும் நாறிப்போனதில் மராமத்து இலாகா ஒரு திட்டம் போட்டிருந்தது. வயல்வெளிக்கு நடுவால் ஒரு புதுத் தெரு, ரயில் பாதைக்கு மேலால் ஒரு பாலம். வாகனங்கள் எல்லாம் அந்தப் பக்கத்தால் நிற்காமல் பறந்துவிடும்.

அதைப் பற்றி ஊரோடு கதைக்கத்தான் இஞ்சினியர் யோகநாதன் வந்திருந்தார். நிழலோடு இருக்க வேறு இடம் இல்லாததால் கூட்டம் கடையிலேயே கூடிற்று.

கமக்காரர் ஒருவருக்கும் அந்தத் தெருவில் விருப்பம் இல்லை. ஐயாத்துரை கொதித்துப் போயிருந்தார். காடு வெட்டிக் கழனியாக்கிய நிலத்தில் தார் ஊற்ற விடமாட்டேன் என்று நின்றார். தெரு வந்தால் அவருடைய வயல் இரண்டு துண்டாகிவிடும். அவர் கத்தக் கத்த இராசமலருக்கு நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது.

இஞ்சினியர் அசையவில்லை. வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கொழும்பில் ஒருவரும் காதில் போடமாட்டார்கள், அறுவடை முடிந்த கையோடு வேலை தொடங்கத்தான் போகிறது, வேறு வழி இருந்தால் சொல்லுங்கள் என்றார். வயல் உழத் தெரிந்த ஐயாத்துரைக்குத் தெருவுக்கு வழி சொல்லத் தெரியுமா என்ன?

அப்போதுதான், அதுவரை மூச்சுக் காட்டாமல் தேத்தண்ணியை இழுத்து ஆற்றிக்கொண்டு நின்ற சிற்றம்பலம் வாயைத் திறந்தார்.

"மேலாலை போனால்தானே ஐயா வயல் போகுது. இந்தக் கேற்றடியிலை, தண்டவாளத்துக்குக் கீழாலை சுரங்கம் வெட்டித் தெருவை விட்டால் என்ன? ஒருதற்றை வயலிலையும் ஒரு பிடி மண் போகாது."

மலைநாட்டுப் பக்கம் ஒருமுறை ரயிலில் போய்வந்த ஐயாத்துரை, சுரங்கம் என்றால் என்னவென்று மற்றவர்களுக்கு விளக்கத் தொடங்கினார். லொறி பாட்டுக்குக் கீழால் ஓடும், மாடு பாட்டுக்கு மேலால் மேயும் என்றார். கேட்கக் கேட்க எல்லாருக்கும் ஆசை பிடித்துவிட்டது.

இராசமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாலமாவது வயலுக்கு அங்கால் போகிற சனியன். இந்த மனிசன் அதை வாசலுக்கே வெற்றிலை வைத்து அழைக்கிறதே. கேற்றே இல்லாத கேற்றடியில் யாருக்கு வடை சுடுவது என்று நினைக்கவே அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

இஞ்சினியர் சிரித்தேவிட்டார்.

"அங்கை மலையைக் குடைஞ்சது. இஞ்சை ரெண்டு முழம் கிண்டினால் தண்ணியல்லோ வருகுது. இதைப் பார்த்துச் சொல்லுறதெண்டாலே வெளிநாட்டிலை இருந்து ஆள் எடுக்கவேணும்."

"எடுக்கட்டும் ஐயா. வயல்தான் எங்கடை சோறு. அதுக்காக எவ்வளவு காலமெண்டாலும் நாங்கள் இந்தக் கேற்றடியிலை காத்து நிப்பம்," என்றார் ஐயாத்துரை.

அதற்குமேல் கூட்டத்தைப் பிடிக்க முடியவில்லை. சுரங்கம்தான் வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று ஒரே குரலில் நின்றார்கள். ஐயாத்துரை சிற்றம்பலத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, கேற் இல்லாமல் போனால் தன் கடை படுத்துவிடும் என்று தெரிந்தும் ஊருக்காகப் பேசிய மனிசன் இவன் ஒருத்தன்தான் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். புதுத் தெரு வேலையை நிறுத்திவைத்துவிட்டுச் சுரங்கத்துக்கு எழுதுவதாகச் சொல்லி இஞ்சினியரும் எழும்பினார். போகிற போக்கில் சிற்றம்பலத்தை ஒருமாதிரித் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினார்.

சனம் கலைந்ததும் சிற்றம்பலம் குசினிக்குள் வந்தார். பெண்சாதியின் முகம் இருந்த இருப்பைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அடுப்பில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் வைக்கச் சொன்னார். தச்சனிடம் புதிதாக இரண்டு வாங்குக்குச் சொல்லியனுப்பியிருப்பதாகவும் சொன்னார்.

இராசமலர் அகப்பையைக் கீழே போட்டாள்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கென்ன விசரே? சுரங்கம் வந்தால் ஒரு வாகனமும் இதிலை நிக்காது. பிறகு வாங்கிலை ஆர் வந்து இருக்கிறது?"

வெளியே கேற் விழுந்தது. முதல் லொறி முனகிக்கொண்டு வந்து நிற்க, அதன் பின்னால் மற்றதுகளும் நிற்கத் தொடங்கின. சிற்றம்பலம் கேத்திலைத் தூக்கிக்கொண்டு கடைப்பக்கம் திரும்பினார்.

"வந்தாத்தானே."