முந்தி வந்த கொக்கு

“மூணாவது சரணத்தை எதுக்குடி ரெண்டாவதா பாடினே?”

மேடையை விட்டு இறங்கிய மகளை வரலட்சுமி படியிலேயே மடக்கினாள்.

நிவேதிதாவுக்குப் பதினோரு வயது. பாட்டு வகுப்பில் இது நாலாவது வருஷம்.

“ஒரு மாசமா வீட்ல இதே பாட்டுதான். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். முதல்ல மழை பெய்யும். அப்புறம் ஏரி நிரம்பும். கடைசியாத்தான் கொக்கு வரும். நீ என்னடான்னா ஏரி நிரம்பறதுக்கு முன்னாடியே கொக்கை இறக்கிட்டே! உன்னைப் பாத்து மத்த ஏழு பேரும் அப்படியே பாடிட்டாங்க.”

“ஸாரிம்மா.”

“ஸாரியாம் ஸாரி!”

திருமுல்லைவாயிலில் ஒரு கல்யாண மண்டபம். சுற்று வட்டாரப் பாட்டு வகுப்புகளுக்கான குழுப்பாட்டுப் போட்டி. பருத்திப்பட்டிலிருந்து அனுசுயா டீச்சர் எட்டுப் பிள்ளைகளை அழைத்து வந்திருந்தார். ஏரிப் பாட்டு, அவரே எழுதி மெட்டுப் போட்டது.

எட்டுப் பேரில் வர்ணம் பாடுகிறவர்களும் உண்டு, சரளி வரிசையே முடிக்காதவர்களும் உண்டு. எல்லாருக்கும் ஒரே வகுப்பு, ஒரே பாய். வரலட்சுமிக்கு அது முதலிலிருந்தே பிடிக்கவில்லை.

டீச்சர் பக்கத்தில் வந்ததும் கொட்டித் தீர்த்தாள்.

“பெரிய பசங்களை மட்டும் மேடை ஏத்துங்கன்னு அன்னிக்கே சொன்னேன் டீச்சர். நேத்து சேர்ந்த குழந்தைங்களோட உக்காந்து உக்காந்து, இவளுக்குத் தெரிஞ்சதும் மறந்து போச்சு.”

“எட்டுப் பேரும்தானே மேடம் கத்துக்கிட்டாங்க? எட்டுப் பேரும்தான் பாடணும்.”

“சரி, இவ பண்ணின தப்புக்கு ஒரு வார்த்தை திட்டினீங்களா?”

“திட்ட ஒண்ணுமில்ல மேடம். இன்னிக்கு இவ பாடின மாதிரி, இவ வயசுல நான் பாடினதில்லை.”

வரலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பாகப் பாடின பிள்ளைக்கு இப்படி ஒரு பாராட்டா?

டீச்சரும் நிவேதிதாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குள் மைக் கரகரத்தது.

“முதல் பரிசு... பருத்திப்பட்டு, அனுசுயா டீச்சர் குழு!”

பிள்ளைகள் கத்திய கத்தலில் மண்டபமே அதிர்ந்தது. நடுவர் சிரித்துக்கொண்டே தொடர்ந்தார்.

“சின்னதும் பெரிசுமா எட்டுக் குரல். ஒரு இடத்துலகூடப் பிரியலை. அதைவிட அந்தப் பாட்டு! கொக்கு முன்னாடியே வந்து நம்பிக்கையோட காத்திருக்கு, அப்புறம்தான் ஏரி நிரம்புது. என்ன கற்பனைங்க!”

வரலட்சுமியும் கை தட்டினாள். ஆனாலும் பரிசு வாங்கித் திரும்பிய மகளின் காதில் கிசுகிசுத்தாள்.

“ஜட்ஜுக்குப் பாட்டு தெரியலை, தப்பிச்சே. இல்லைன்னா உன்னால எட்டுப் பேருக்கும் மானம் போயிருக்கும்.”

“சரிம்மா.”

கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பவ்யா ஓடி வந்தாள். ஆறு வயது. வகுப்பில் சேர்ந்து ஆறு வாரம்தான் ஆகிறது. பின்னாலேயே அவள் அப்பா ஜெகதீசன். பாடியில் ஒரு தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட் முடித்து, யூனிஃபார்மோடு நேராக வந்திருந்தார்.

“டீச்சரம்மா, இம்மாம் பேரு முன்னாடி எம்பொண்ணு பாடிச்சே! ஊட்டுக்கு யாராச்சும் வந்தாலே கதவாண்ட ஒளிஞ்சிக்கும். நடுவுல அழுதுடுமோன்னு பயந்துகினே இருந்தேன்.”

பவ்யா அப்பாவைக் கவனிக்கவே இல்லை. வரலட்சுமியின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

“ஆன்ட்டி, ஆன்ட்டி! நீங்க பாத்தீங்களா? எல்லாரும் சும்மா நின்னுகினு இருந்தாங்க. நான்தான் ஃபர்ஸ்ட்டு கொக்குப் பாட்டை எடுத்தேன். அக்கா உடனே கரெக்டா என் பின்னாடியே பாடினாங்க. அப்புறம் எல்லாரும் பாடினாங்க!”

வரலட்சுமி திரும்பி மகளைப் பார்த்தாள்.

‘அவகிட்ட சொல்லிடாதேம்மா’ என்பது போல் நிவேதிதா அவசரமாகத் தலையாட்டினாள்.

வரலட்சுமி குனிந்து பவ்யாவைக் கோப்பையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டாள். இன்னொரு கையால் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

“உன்னை அப்பவே பாத்தேன்டா கண்ணு. உங்க அக்காவைத்தான் இப்பப் பாக்கறேன்.”