வலையை ஆட்டாதே!

"கிட்ட வராதேடி, வலை ஆடுது!"

கொல்லைப்புறத்தில் குப்புறப் படுத்து, ஒரு சிலந்தியை வளைத்து வளைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார் வங்கி மேலாளர்.

"ஆபீசுக்கு நேரமாச்சு. இந்தப் பூச்சியைப் படம் பிடிச்சா யாரு மெடல் குத்தப் போறா?" என்று நொடித்தாள் மனைவி.

"எங்க சிலந்தி குரூப்ல என் சர்க்கரை டாக்டர்தான் பெரிய புள்ளி. இதைப் பார்த்தா மனுஷன் அசந்துடுவார் பாரு!"

படத்தைக் குரூப்பில் போட்டு, "டாக்டர், இது என்ன வகை?" என்று கேட்டார்.

உடனே பதில் வந்தது. மனைவியும் கேட்கட்டும் என்று சத்தமாகவே படித்தார்:

"சிலந்தி சாதாரண வீட்டுச் சிலந்திதான். வலைதான் அதிசயம். தினமும் ஒரு மணி நேரம் ஓட்டுறேன்னு சத்தியம் பண்ணீங்களே, அந்த சிவப்பு சைக்கிள்ல பெடல்லேருந்து சக்கரம் வரைக்கும் அது எப்படிங்க கட்டுச்சு?"