ஒரு வரி மேக்ரோ

நேற்று மதியம் அப்பா தூக்கத்தில், "அடுப்பப் பத்த வை" என்று உளறினார். குரல் கேட்டு இயங்கும் எங்கள் வீடும் மறுபேச்சில்லாமல் பற்றவைத்துவிட்டது. பதறிப்போய், இன்று காலை ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் மேக்ரோ என்கிற குட்டி நிரல் ஒன்று எழுதினேன். ஒரே வரிதான். அது வீட்டின் நிரல் முழுவதையும் தானே துழாவி, எல்லாக் கட்டளைகளுக்கும் முன்னால் ஒரு கேள்வியைச் செருகிவிடும். அப்பா கோபப்படாமல் பதில் சொல்லட்டும் என்று கேள்வியை என் குரலிலேயே பதிந்துவிட்டுப் போனேன்.

மாலையில் வாசலில் நின்று, "கதவத் திற" என்றேன்.

"நிச்சயமா வேணுமாப்பா?" என்றது என் குரல்.

"ஆமா."

"நிச்சயமா வேணுமாப்பா?"

"ஆமான்னு சொல்றேன்ல!"

"நிச்சயமா வேணுமாப்பா?"

அப்போதுதான் உறைத்தது. 'ஆமா' என்பதும் ஒரு கட்டளைதான். அதற்கும் கேள்வி ஒட்டிக்கொண்டுவிட்டது. இத்தனை வருஷமாக நிரல் எழுதித்தான் சம்பாதிக்கிறேன், இந்த அறிவு எனக்கு இல்லை. தலையில் அடித்துக்கொண்டு, கைப்பையின் அடியில் கிடந்த பழைய சாவியைத் தேடி எடுத்துத் திறந்தேன்.

ஃபேன் ஓடவில்லை. விளக்கும் எரியவில்லை. அப்பா சோபாவில் வேர்த்து நனைந்து, நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்திருந்தார்.

"எனக்கு போன் போடச் சொல்ல வேண்டியதுதானேப்பா?"

"சொன்னேம்மா. நிச்சயமா வேணுமான்னு நீயே கேட்ட. வேலையா இருப்பன்னு, வேணாம்னுட்டேன்."

குரலுக்கு மட்டுமே இயங்கும் என் போனும் வீட்டு நிரலில்தான் ஓடுகிறது. "ஆம்புலன்ஸக் கூப்பிடு!" என்று அதனிடம் கத்தினேன்.

நிதானமாக, அன்பாகக் கேட்டது என் குரல்: "நிச்சயமா வேணுமாப்பா?"