மலையில் விழுந்த வெடிப்பு

“தங்கராஜு, நல்லசாமி, முருகையா, பொம்பளைங்கள்ல வள்ளிநாயகி. நாலு பேரும் நல்லா பாத்துக்குங்க,” என்றார் தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் சன்னாசி. “பின்னால யாரும் தெரியாதுன்னு சொல்லக்கூடாது.”

நால்வரும் குனிந்து பார்த்தார்கள். அவர்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு நேர் மேலே, மலைச்சரிவில், மண் நீளமாகப் பிளந்து கிடந்தது.

“ரப்பர் மரம் இருந்தவரைக்கும் வேர் மண்ணைப் பிடிச்சிருந்தது. ஜப்பான்காரன் சொன்னான்னு வெட்டிட்டு மரவள்ளி நட்டோம். இப்ப எது பிடிக்கும்? ஒரு பெருமழை போதும், அத்தனை வீடும் மண்ணுக்குள்ள. ஆம்பளைங்க எல்லாரும் நாளைக்கு விடியுமுன்ன முகட்டைத் தாண்டிப் போயி, தண்ணியை அந்தப் பக்கம் திருப்ப வாய்க்கா வெட்டணும். முடியறவரைக்கும் அங்கேயே தங்கிக்குங்க.”

தங்கராஜு வானத்தைப் பார்த்தான். “மழையே இல்லியே மண்டோரே. லிங்கி ஆத்துல முழங்கால் தண்ணிதான் ஓடுது. மரம் ஒண்ணும் சாயல. ஊத்துத் தண்ணியும் கலங்கல. மலை சரியறதா இருந்தா முன்னாடியே காட்டும்லா.”

“மழை உன்னைக் கேட்டுட்டுத்தான் வரணுமா?”

“கூலியில்லாம வேலை வாங்க இது நல்ல வழி,” என்றான் நல்லசாமி. “மண்டோருக்கு இதுல என்ன கெடைக்குதோ!”

முருகையா சிரித்தான். அவன் ஜப்பான்காரன் கேம்பில் சமையல்காரன். தோட்டத்தில் யாராவது தும்மினால் கேம்பில் கேட்கும். அவன் முன்னால் எவரும் மனம்விட்டுப் பேசுவதில்லை.

வள்ளிநாயகி சிரிக்கவில்லை. சன்னாசியின் மனைவி அவள். வெடிப்பின் ஓரத்தைத் தொட்டவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். தானாகப் பிளந்த மண் இப்படி வழவழவென்று இருக்காது. உள்ளே மண்வெட்டி வாய் பதிந்த தடம் தெளிவாகத் தெரிந்தது.

நேற்று கேம்புக்குப் போய்த் திரும்பியதிலிருந்து சன்னாசி ஒரு வாய் சோறு தின்னவில்லை. என்ன பேசிவிட்டு வந்தார்? யாருக்கு விலைபோனார்? அவளுடைய அப்பாவும் இதே தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். பொய்யன் என்று அவரை ஒருவனும் சொன்னதில்லை.

தங்கராஜு சந்தேகத்தோடு மறுபடியும் குனிந்தான். வள்ளிநாயகி முன்னால் போய் வெடிப்பின் விளிம்பிலேயே அழுந்த மிதித்தாள். மண் பொலபொலவென்று உதிர்ந்து தடத்தை மூடியது.

“நேத்து விரல் அகலந்தான் இருந்துச்சு. நானே பாத்தேன். இன்னிக்குக் கையே போகுது,” என்றாள் நிமிர்ந்து நின்று. “எங்க வீட்டு ஆளு பொய் சொல்லுவாருன்னு தோணுச்சுன்னா, உங்க பிள்ளைங்கள இங்கேயே படுக்க வையுங்க.”

“அக்காவே சொல்லுதுன்னா…” என்று இழுத்தான் தங்கராஜு. அதற்குமேல் யாரும் வாதாடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் கதவைச் சாத்தினாள். “ஏங்க, யாருக்காக என்னையும் பொய் சொல்ல வச்சீங்க?”

“ஆளுங்களுக்கு மரவள்ளி அவிச்சுக் கட்டிக் குடு.”

“நீங்க போகலியா?”

“மண்டோர் பெரட்டுல இல்லாட்டித் தேடுவாங்க.”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவளும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பெண்களும் கிழவர்களும் மட்டுமே நின்றார்கள். ஒரு லாரி வந்து நின்றது. சிப்பாய்களோடு மொழிபெயர்ப்பாளனும் குதித்து இறங்கினான்.

“என்னய்யா மண்டோரு! சயாமுக்கு ரயில் ரோடு போட ஆள் வேணும், ஆம்பளைங்க அத்தனை பேரையும் பெரட்டுல நிறுத்தி வையின்னு முந்தாநாளே கேம்புல வச்சுச் சொன்னேனே? ஒருத்தனையும் காணோம்!”

சயாமுக்குப் போனவர்கள் திரும்பியதில்லை என்று கேள்விப்பட்டிருந்த வள்ளிநாயகி, மலைச்சரிவிலிருந்த வெடிப்பை நிமிர்ந்து பார்த்தாள்.

“மலை சரியப் போகுதுங்க. முகட்டுக்கு அந்தாண்ட வாய்க்கா வெட்டப் போயிருக்காங்க,” என்றார் சன்னாசி.

சிப்பாய்கள் முகட்டைப் பார்த்தார்கள். அதற்கு அப்பால் ஜப்பான்காரர்களை எதிர்த்த கெரில்லாப் படையினர் பதுங்கியிருந்த காடு. ஏறிப்போக அவர்களுக்கு மனம் வரவில்லை. சன்னாசியின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விழுந்தது. அவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, யாரும் தள்ளுவதற்கு முன் தாமே லாரியில் ஏறினார்.

சயாமுக்கு ஆள் பிடித்துக் கொடுத்த மண்டோர் என்று சன்னாசியைப் பற்றி இன்றும் ஒரு பேச்சு உண்டு. அது பொய். அந்தத் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர் அவர் ஒருவர்தான்.