சித்தின்னு சொல்லு

சஃபாரி வண்டியில் எல்லோரும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முன் இருக்கையில் இருந்த மூன்று பேர் மட்டும் திரும்பி உள்ளே பார்த்தார்கள்.

அவளை.

மான் கூட்டம் வந்தது. ஆட்கள் எல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். அந்த மூன்று பேர் சாயவில்லை. ஒரு அம்மாள். அவர் கணவர். முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போட்டு மூடிய அவர்கள் மகன்.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. காலையில் அக்கா ஏன் பட்டுப்புடவையை எடுத்து நீட்டினாள் என்று.

மிருகம் பார்க்கவா பட்டு என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை.

போன வாரம் ஒன்று கேட்டிருந்தாள். கல்யாணம் இப்போது வேண்டாம், விட்ட பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதுகிறேன். அதைச் சொல்லவே அவளுக்கு மூன்று நாள் ஆனது.

“சரி, உன் இஷ்டம்” என்றாள் அக்கா. “ஞாயித்துக்கிழமை பிள்ளைங்கள ஜூவுக்குக் கூட்டிட்டுப் போலாம்.”

அவ்வளவு சீக்கிரம் சரி என்றபோதே யோசித்திருக்க வேண்டும்.

மடியில் முகில். மூன்று வயது. பக்கத்தில் பவிஷா. ஐந்து வயது. இரண்டும் அக்காவின் பிள்ளைகள்.

முகில் பிறந்த மூன்றாம் மாதம் அக்கா திரும்ப ஷூ கம்பெனிக்குப் போனாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள்.

இந்த ஜூனில் முகில் பால்வாடிக்குப் போகிறான்.

இனி அவள் வீட்டில் எதற்கு.

வரும் வழியெல்லாம் அக்கா அவனுக்குப் பாடம் எடுத்தாள். சித்தின்னு சொல்லு. எங்க, சொல்லு பாக்கலாம். சொன்ன ஒவ்வொரு தடவையும் ஒரு பிஸ்கட்.

வீட்டில் அவன் அக்காவைக் கூப்பிடுவது கம்பெனி அம்மா என்று.

அவளை, வெறும் அம்மா.

“ஏம்மா” என்றார் அந்த அம்மாள். “அந்தப் பக்கம் என்னமோ நிக்குது. எழுந்து பாத்துச் சொல்லேன்.”

அந்தப் பக்கம் ஒரு முள் புதர்தான் நின்றது.

அக்காவின் முழங்கை விலாவில் இடித்தது. “எழுந்திருடி. உயரம் பாக்கணுமாம்.”

அவள் எழுந்திருக்கவில்லை. டிரைவருக்குப் பின்னால் இருந்த பலகையை விரலால் காட்டினாள். பவிஷாவுக்கு.

பவிஷாவுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். அந்தப் பிள்ளை எந்தப் பலகையையும் விடாது.

“வண்டி... ஓடும்... போது... எழுந்து... நிற்கக்... கூடாது.”

“பாப்பா சொல்றதக் கேளுங்க” என்றார் கூட வந்த வனக்காவலர். வண்டியே சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு இரும்புக் கதவுகள் திறந்து மூடின. மரத்தடியில் ஒரு பெண் சிங்கம் படுத்திருந்தது. முதுகைக் காட்டி.

டிரைவர் ஹாரன் அடித்தார். காவலர் தகரத்தைத் தட்டினார். ஹேய், ஹேய் என்று பிள்ளைகள் கத்தின.

ஒரு காது மட்டும் அசைந்தது.

“என்னங்க இது, டிக்கெட் எடுத்து முதுகத்தான் பாக்கணுமா?” என்றார் யாரோ.

“அது கேட்டாத்தான சார்” என்றார் காவலர்.

முன் இருக்கை அம்மாள் அக்காவிடம் குனிந்தார். “பொண்ணு பேசும்ல? இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேக்கலையே.”

“பேசும், பேசும். கொஞ்சம் கூச்சம்.”

“ஒரு வார்த்தை கேட்டாப் போதும்.”

வண்டி நின்றது.

எல்லோரும் இறங்கினார்கள். அக்கா பவிஷாவைக் கையில் பிடித்து முன்னால் இறங்கினாள். அந்த மூன்று பேரும் படிக்கு நேராகக் கீழே நின்றார்கள். நடப்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா.

அந்த அம்மாள் கைப்பையிலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். நூலைப் பிரிக்க ஆரம்பித்தார். உள்ளே மல்லிகை.

அது தலையில் ஏறிவிட்டால் பேச்சு முடிந்தது. அப்புறம் பத்தாம் வகுப்பைப் பற்றி யாரிடமும் கேட்க முடியாது.

அவள் படிவரை வந்துவிட்டாள். பின்னால் இருக்கையில் முகில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான்.

“அம்மா, தூக்கு.”

கீழேயிருந்து அக்கா அவசரமாகச் சொன்னாள். “டேய், சித்தின்னு சொல்லு.”

அவன் அக்காவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். உதடு பிதுங்கியது.

“அம்மா.”

வழக்கமாக அவளே திருத்துவாள். வெளியாட்கள் இருந்தால் சித்திடா கண்ணு என்பாள், மெல்ல.

அவள் திரும்பிப் போய் அவனைத் தூக்கினாள். இடுப்பில் வைத்துக்கொண்டாள். மேல்படியில் வந்து நின்றாள். முழு உயரத்துக்கும்.

“அம்மா இங்கதான்டா இருக்கேன்.”

கணீரென்று வந்தது. வரிசையில் நின்ற அடுத்த சுற்று ஆட்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த அம்மாள் இடுப்பில் இருந்த பையனின் முகத்தைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

அதே மூக்கு.

அக்கா வாயைத் திறந்தாள். என் பையன்தாங்க என்று சொல்ல வேண்டும். முகில் அதற்குள் தூக்கியவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தோளில் முகத்தை வைத்துவிட்டான்.

பாதி பிரிந்த நூல் பொட்டலத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் இறங்கினாள்.

வாசல் தூரமாக இருந்தது. அவசரப்படாமல் நடந்தாள்.

நடையையும் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும்.