சிவப்பு அம்பு

"இளம்பரிதி தம்பி, கம்ப்யூட்டர் படுத்துடுச்சு. கொஞ்சம் வந்துட்டுப் போப்பா."

போன்ல மாதனூர் மரியம்மாள் அக்கா. ஞாயித்துக்கிழமை காலையில எனக்கு இதைவிட பேஜார் வேற இல்ல.

"அந்த ஒரு பட்டனை அழுத்திப் பார்த்தீங்களாக்கா?"

"ஐயோ, அது வேணாம்ப்பா. நீ நேர்ல வா." டக்குனு வெச்சுட்டாங்க.

எனக்கு வந்ததே கோபம்! இது 2003. ஆம்பூர்ல நான் கம்ப்யூட்டர் கடை போட்டு ஆறு மாசம்தான் ஆகுது. என் கம்ப்யூட்டரோட விசேஷமே அந்தப் பட்டன்தான். விண்டோஸ் போயிடுச்சுன்னா யாரையும் கூப்பிட வேணாம். ஆன் பண்ணதும் எஃப்-10 பட்டனை ஒரு அழுத்து, அவ்ளோதான். இருபது நிமிஷத்துல எல்லாம் தானா புதுசா ஏறிடும், நாம சேர்த்து வெச்ச ஃபைல் எதுவும் போகாது. ராவும் பகலும் மண்டையை உடைச்சு செஞ்சது. இங்கிலீஷ் தெரியாதவங்களும் கண்டுபிடிக்கட்டும்னு அந்தப் பட்டன்மேல சின்னதா ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் வேற ஒட்டியிருந்தேன்.

டெலிவரி அன்னிக்கு அக்கா ஷூ கம்பெனி டூட்டியில. அவங்க வீட்டுக்காரர் வேலாயுதத்துக்கிட்டதான் எல்லாத்தையும் விளக்கினேன். அவரும் தலையைத் தலையை ஆட்டினாரு.

பஸ் பிடிச்சுப் போனா, வாசல்ல அஞ்சு பேர். இதே மாதிரி கம்ப்யூட்டர் வாங்கலாமான்னு பார்க்க வந்தவங்களாம். ஊரைக் கூட்டி வெச்சு மானத்தை வாங்கப் போறாங்க, செத்தோம்! இந்த அஞ்சும் போச்சுன்னா கடையை மூட வேண்டியதுதான்.

உள்ள போய் கீபோர்டைப் பார்த்தேன். ஸ்டிக்கரைக் காணோம். சுரண்டின தடம்தான் இருந்துச்சு.

"யாருக்கா இதைப் பிய்ச்சது?"

"நான்தான்."

வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிட்டு, மெஷினை ஆன் பண்ணி எஃப்-10ஐ அழுத்தினேன். தானா ஓட ஆரம்பிச்சுது.

"பார்த்தீங்களா? இதுக்கு நான் ஆம்பூர்லேர்ந்து வரணுமா? இதைக்கூட அழுத்த மாட்டேன்னா உங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் எதுக்குக்கா?"

அக்கா கண்ணு விரிஞ்சுது. "அப்போ அந்தப் பட்டன் நல்லாதான் இருக்கா?"

"அதுக்கு இன்னா கேடு?"

அக்கா அவசரமா போய் கதவைச் சாத்தினாங்க.

"கத்தாதப்பா, வெளிய கேக்கும். கம்பெனியில நான் இன்ஸ்பெக்‌ஷன். ஷூவுல எங்க டேமேஜ் இருக்கோ அங்கதான் சிவப்பு அம்பு ஒட்டுவோம். உன் பட்டன்ல அதைப் பார்த்ததும், டேமேஜ் பீஸைத் தெரியாம அனுப்பிட்டான் புள்ளன்னு நெனச்சுட்டேன்."

நான் அந்தச் சுரண்டின தடத்தைத் தடவிப் பார்த்தேன்.

"புதுசா கடை போட்டவன், பேர் கெட்டுடக் கூடாதேன்னு நான்தான் சுரண்டிட்டேன். மூணு மாசமா அதுல விரல் படாமதான் டைப் அடிக்கிறேன். நீ சொன்னதை வீட்டுக்காரர் எங்கிட்ட சொல்லவே இல்ல, நானும் இதை அவருக்குச் சொல்லல. வெளிய நிக்கிறாங்களே அஞ்சு பேர், 'கண்ணை மூடிட்டு வாங்குங்க, பீஸ் ஏ ஒன்'னு சொல்லி அவங்களைக் கூட்டிட்டு வந்ததே நான்தான்ப்பா!"