கறுப்புத் தகடு

"வேற என்ன கேட்டாலும் தர்றேன் மிஸ். பெருவிரல மட்டும் வைக்க மாட்டேன்."

அழகம்மா சொல்லிவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்குக்குள் கைகளை ஒளித்துக்கொண்டாள். நிலக்ஷிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்கள் எல்லோரும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலேயே ஆளுக்கொரு தகட்டில் பெருவிரலை அழுத்திவிட்டு மலைக்குப் போயிருந்தார்கள். மிஞ்சியது அழகம்மா. அவளுடைய கைதான் முக்கியம். பூச்சிமருந்தடித்த மலையில் கொழுந்தெடுத்து விரலெல்லாம் வெடித்திருந்தது. அது மருந்தால் இல்லை, சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று தோட்டத்து ஆபீசில் சொல்லிவிட்டார்கள். மருந்து உடம்புக்குள் இறங்கி வியர்வையில் வெளியே வருகிறது என்று தகடு காட்டினால், அவளை வேறு மலைக்கு மாற்றித்தான் ஆகவேண்டும்.

நிலக்ஷி, ஹட்டன் கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருப்பவரின் மகள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். இரண்டு தரம் விளக்கினால் யாருக்கும் புரியும் என்பது அவள் நம்பிக்கை. இப்போது நான்காம் தரம் விளக்கிக்கொண்டிருந்தாள். அடையாள அட்டை அளவுத் தகடு. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத முள்காடு ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். விரல் வியர்வை அதில் சிக்கிக்கொள்ளும். லேசர் பட்டதும் கிளம்பும். கிளம்புகிற ஒவ்வொரு மூலக்கூறையும் மெஷின் நிறுத்துப் பார்த்து, இன்னது என்று சொல்லிவிடும்.

நிறுக்கிறது என்றதும் அழகம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கொழுந்துத் தராசில் கழிக்கிற மாதிரி இதிலும் இரண்டு கிலோ கழிப்பார்களா என்று கேட்டாள்.

கொழுந்து நிறுக்க மலையிலிருந்து இறங்கி வந்து கூட நின்ற பூரணி, தகடு என்றாலே செய்வினைதான், கடைசியில் லயத்து வீட்டு வாசலில் கொண்டுவந்து புதைப்பார்கள் என்று முணுமுணுத்தாள். காலையில் முதல் ஆளாக விரலை வைத்தவள் அவள்தான்.

"பயமா இருக்காக்கா?" என்றாள் நிலக்ஷி.

"பயமெல்லாம் இல்ல. பேனா இருந்தா குடுங்க மிஸ்."

"பேனா பட்டா தகடு வீணாப் போயிரும். விரல் மட்டுந்தான் படலாம்."

"விரல் பட்டா போதுமா?"

"அது போதும்."

அழகம்மா கொஞ்சம் யோசித்தாள். தகட்டை ஓரமாகப் பிடித்து வாங்கி, முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள். வலது முழங்கை மட்டும் ஆடியது. நெடுநேரம் ஆடியது. தகட்டைத் துடைக்கிறாள் என்றே நிலக்ஷி நினைத்தாள். திருப்பித் தந்தபோது தகடு பழையபடி கறுப்பாகத்தான் இருந்தது. மாற்றுத் தகடு கிடையாது. கெடுத்துவிட்டு ஒரு மனுசி ஏன் இத்தனை பெருமையாக நிற்கிறாள் என்பதும் புரியவில்லை.

கோயில் மடத்து வகுப்புக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து அழகம்மாவுக்கு இந்தத் திமிர்தான் என்று, புறப்பட நின்ற வேனடியில் பூரணி குறை சொன்னாள். என்ன வகுப்பு என்று கேட்பதற்குள் வேன் கிளம்பிவிட்டது.

அடுத்த வாரம் ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு தகடாக மெஷினுக்குள் போனது. உடம்பு கழித்த மருந்து எங்கெங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் திரையில் மஞ்சள் தெரியும். மற்றவர்களின் விரல்ரேகைகள் மங்கலாக வந்தன. கடைசித் தகட்டில் ரேகையே இல்லை; பளிச்சென்று மஞ்சள் கோடுகள், கோணல்மாணலாக. மேலே அட்டைப்பூச்சி ஊர்ந்துவிட்டதா என்று பேராசிரியர் சிங்களத்தில் கேட்டார்.

தகட்டைக் கெடுத்துவிட்டாள் என்று சொல்ல வாயெடுத்த நிலக்ஷி, தலைகீழாக இருந்த படத்தை நேராகத் திருப்பினாள்.

ஒரு புள்ளி கூட விடாமல், திரை நிறைய, அந்த மருந்தாலேயே கையெழுத்துப் போட்டிருந்தது: அழகம்மா.